பேச்சும் மூச்சும்

நவம்பர் கடைசி ஞாயிறு, நோவா ஸ்கோஷியா.
விடிந்தால் சிங்கி இறால் பருவம்.
படகுகளில் கூண்டுகள் ஏற்றியாயிற்று.
ஃபண்டி விரிகுடா
நாளைக்கு என்ன செய்யும் என்று சொல்லாமல்
சுருண்டு படுத்திருக்கிறது.

ஆலயத்தில் ஐம்பத்திரண்டு பேர்.
ஹீட்டர் மேல் ஈரக் கையுறைகள்.
காப்பி வாசனை, கயிற்று வாசனை,
எத்தனை சோப்புக்கும் போகாத
இரைமீன் வாடை.

நான் ஆர்கன் வாசிக்கிறவள்.
முப்பத்தொரு வருஷமாய்
சபைக்கு முதுகைக் காட்டியே
சபைக்கு ஊழியம் செய்கிறேன்.
என் காதுக்கு எட்டுவது
என் பெட்டியின் இரைச்சல் மட்டும்.
பின்னால் பாடுகிறார்கள் என்று நம்பிக்கொள்வேன்.
விசுவாசம் என்று போதகர் சொல்வதும்
ஏறக்குறைய அதைத்தான்.

அல்டன் மோர்ஹவுஸ் இடப்பக்கம், மூன்றாம் வரிசை.
தம்பி வென்டெல் வலப்பக்கம், வாசலை ஒட்டி.
ஒரே ஜூன் மாதம், ஒரே குளிர்ந்த கடலில்,
ஒரே போதகர் கையால் முழுக்கு எடுத்தவர்கள்.
பகைக்கு மட்டும் முழுக்குப் போடவில்லை.
தகப்பன் விட்டுப்போன உரிமம்,
பாறைத்திட்டுக்குத் தெற்கே யார் கூண்டு போடுவது,
ஒரு கயிறு
(அறுந்ததா, அறுத்ததா),
பதினேழு வருஷம்.
அவர்களுக்குள் பேச்சுமூச்சு கிடையாது
என்று ஊர் சொல்லும்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பாட்டு. நான்கு சரணம்.
மூன்றாவதில் என் வலக்கை இழுத்துக்கொண்டது.
கட்டைவிரல் உள்ளே மடங்கி
முள் ஏறியது போல் வலி.
இரண்டு கையையும் எடுத்துவிட்டேன்.
பாட்டு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை.

மூக்கில் பிராணவாயுக் குழாயோடு வெர்னா டைட்டஸ்
ஒரு சொல் விட்டு ஒரு சொல் பாடுகிறாள்.
விட்ட சொல்லைப் பக்கத்தில் நிற்பவள்
எடுத்துக் கொடுக்கிறாள்.
மீன் ஆலைக்கு வேலைக்கு வந்த ரெனாட்டோவுக்கு
வார்த்தைகள் இன்னும் பிடிபடவில்லை;
உயிரெழுத்துகளை மட்டும் பாடுகிறான்,
மெய்யை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.
யாரோ ஒரு குழந்தை
எல்லாவற்றுக்கும் மேலே, சம்பந்தமில்லாமல்.

அல்டனின் அடிக்குரல்
பாரவண்டி மேடு ஏறுவது போல
எப்போதும் அரைத் தாளம் பின்னால்.

இரண்டாம் வரி முடிவில் ஒரு காற்புள்ளி.
அங்கே வென்டெல் கடைசி ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறான்.
புத்தகத்தில் அப்படி இல்லை.
பிடித்து நிற்கிறான்,
அண்ணன் மேடேறி வந்து சேரும்வரை.
பிறகு இருவரும் சேர்ந்து இழுக்கிறார்கள்,
மற்ற ஐம்பது பேரோடு,
ஒரே மூச்சு.

பேச்சு இல்லை, சரி.
மூச்சு இருக்கிறது.

எத்தனை ஞாயிறாய்க் காத்திருக்கிறான்?
அல்டனுக்குத் தெரியுமா?
என்னைக் கேட்காதீர்கள்.
நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்,
பெரும் சத்தம் போட்டுக்கொண்டு.

ஆராதனை முடிந்ததும்
இரண்டு பேரும் இரண்டு கண்ணாடிகளில்
உறைபனி சுரண்டினார்கள்.
வென்டெலின் வண்டி முதலில் போனது.

காற்று பலத்து படகுகள் போகாத ஒரு புதன் இரவு
சபைக் கூட்டம்.
ஒலிபெருக்கி, வெள்ளைத் திரை,
மேடையில் மைக்கோடு நான்கு இளைஞர்கள்.
பாட்டு இன்னும் நன்றாய் இருக்கும், என்றார் பொருளாளர்.
இருக்கும்தான்.
‘நன்றாய் இருப்பதைப் பற்றி இல்லை’
என்று எழுந்தேன்.
அதற்குமேல் வார்த்தை வரவில்லை;
கூட்டக் குறிப்பில் அந்தப் பாதி வாக்கியம்
அப்படியே இருக்கிறது.

ஆளுக்கு ஒரு கை, அதுதான் எங்கள் வழக்கம்.
இருபத்தொன்பதுக்குப் பதினெட்டு.
தோற்றேன்.
அல்டன் கை தூக்கினான், ஒலிபெருக்கிக்கு.
வென்டெலும் தூக்கினான்.
பதினேழு வருஷத்தில்
அவர்கள் ஒத்துப்போனது அதில்தான்.

பெட்டிகள் பிப்ரவரியில் வரும்.
அதுவரை பத்து ஞாயிறு.
ஒவ்வொன்றிலும் மூன்றாம் சரணத்தில்
எனக்குக் கை வலிக்கும்.

வலிக்காவிட்டாலும்.