கரை, கறை

லோகாம்பாள் மேடத்தின் கைப்பிரதி
விடைத்தாள்களின் பின்பக்கத்தில் வரும்.
முன்பக்கத்தில் எவனோ ஒரு மாணவன்
அஜந்தாவுக்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பான்.
பின்பக்கத்தில் மேடம்
அஜந்தாவிடமே சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

ஏகாம்பரகுப்பம் ரயிலடிக்கு எதிரே என் கடை.
தெலுங்கில் கல்யாணப் பத்திரிகை, பட்டா நகல்,
தறி லோனுக்கு மனு.
தமிழில் அடிக்கச் சொல்லி வந்தவர்
அந்த வருஷத்தில் இவர் ஒருவர்தான்.
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பேரம் பேசவில்லை. ஓரம் விடச் சொன்னார்,
நாலு பக்கமும் மூன்று விரல்.
காகிதம் வீணாகுதே மேடம் என்றேன்.
அதுக்கும் சேர்த்துத்தான் காசு என்றார்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருவார்.
பொன்பாடியோடு தமிழ்நாடு முடிகிறது.
எந்த மரத்தோடு முடிகிறது என்று
ஜன்னலில் தேடிக்கொண்டே வருவாராம்.
சென்னையில் ஒரு கவின்கலைக் கல்லூரியில்
முப்பத்தொரு வருஷம் கோட்டுச் சித்திரம் நடத்தியவர்.
முப்பத்தொரு வருஷமும் சொன்னது இதைத்தான்:
கோடு என்று ஒன்று கிடையாது.

நகரி மூக்கை வரையச் சொல்வார் பிள்ளைகளை.
மல்லாந்து படுத்தவன் மூக்கு மாதிரி மலை,
யார் வரைந்தாலும் வந்துவிடும்.
வரைந்து முடித்ததும் ரப்பரைக் கொடுப்பார்.
வெளிக்கோட்டை அழி.
மிச்சம் இருப்பது மலையா, பார்.
பாதிப் பேருக்கு வெறும் தாள்தான் மிஞ்சும்.
ஒருத்தி அழுதிருக்கிறாள்.
துறைத்தலைவர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்:
நீங்கள் கடைசியாக எப்போது ஓவியம் தீட்டினீர்கள்?
அந்தக் கேள்வியும் ஒரு விடைத்தாளின் பின்னால் இருந்தது.
பதில் இல்லை.
நான் மூன்று வரி இடம் விட்டு அடித்தேன்.
அதை அவர் நிரப்பவும் இல்லை, நெருக்கவும் சொல்லவில்லை.

கட்டுரையின் பெயர் 'கரை'.
அவர் அப்பா இதே ஊரில் கோர்வைத் தறி போட்டவர்.
உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்.
இரண்டு ஊடைநூலும் வந்து
ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பும் இடத்தில்
எது எதனுடைய எல்லை என்று
நாற்பது பக்கம்.

நான் படித்தது தெலுங்கு மீடியம்.
வீட்டில் பேசுகிற தமிழுக்கு ஒரே ர தான்.
சந்தேகம் வந்தால் பெரிய ற போட்டுவிடுவேன்,
கௌரவமாக இருக்கும் என்று.
நாற்பது பக்கத்திலும் கரை கறையாகிவிட்டது.
சேலைக்கு அழகு கறை.
ஆற்றுக்கு இரண்டு கறை.
ஓவியன் முதலில் பார்க்க வேண்டியது கறை.

திருத்த எடுத்துப் போனவர்
மூன்று சனிக்கிழமை வரவில்லை.
பணம் போச்சு என்று இருந்தேன்.
நாலாவது வாரம் செருப்பெல்லாம் சேறாக வந்தார்.
குசஸ்தலை ஆற்றில் இறங்கிப் பார்த்தாராம்.
சாயப்பட்டறைத் தண்ணீர் அன்றைக்கு ஊதா.
போன வாரம் யாருக்கோ மஞ்சள் ஆர்டர்.
அது பாட்டுக்குப் பூண்டி ஏரிப் பக்கம் போகிறது,
செக்போஸ்டில் யாரும் கை காட்டவில்லை.

கரை என்றால் நின்றுவிடுகிறது, என்றார்.
கறை என்றால்
மீதியை விசைத்தறிச் சத்தம் தின்றுவிட்டது.
திரும்பக் கேட்க எனக்கு வெட்கம்.
ஏழு இடத்தில் மட்டும் சின்ன ர போடச் சொல்லி
பக்க எண் எழுதிக் கொடுத்தார்.
ஏன் அந்த ஏழு என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.
அட்டையில் எது மேடம் என்றேன்.
உனக்குச் சந்தேகம் வரட்டும் என்றார்.

இருநூறு பிரதி.
ஒரே ஒரு மதிப்புரை வந்தது:
'அச்சுப்பிழைகள் மலிந்த நூல்.'
அதைக் கத்தரித்து எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்,
நாலு பக்கமும் மூன்று விரல் ஓரம் விட்டு
ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி.
ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம்,
ஒரு பக்கம் கொஞ்சம் வழிந்து.
தெரியாமல் வைத்ததா என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.