தொண்டை ஓய்வு

விசாவில் அவன் தொழில்: கம்பி கட்டுபவர்.
பெர்க்மான்ஸ் ஒரு நாளும் கம்பி கட்டியதில்லை,
கிடாரில் அறுந்ததைத் தவிர.

தேரா ஹோட்டல் ஒன்றில் பதினோரு வருஷம்
சாப்பிடுகிறவர்களின் முதுகுக்கு வாசித்தான்.
பாடகன் வராத ஒரு வியாழன்
இடையிடையே அவனே நாலு வார்த்தை பேசினான்.
பிரியாணியை ஆறவிட்டுக் கேட்டவர்
வானொலிக்காரர்.

அப்புறம் காலை நாலரை மணி அவனுடையது.
சோனாப்பூரிலிருந்து ஜெபல் அலி வரை
என் பஸ்ஸில் அறுபது பேர், ஹெல்மெட் மடியில்,
பாதித் தூக்கத்தில் அவனோடு சண்டை:
"டேய், நேத்துப் போட்டதையே போடாத."

போன மார்ச்சில் குரல்நாணில் முடிச்சு.
மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது.
நிலையம் வேறு ஆள் தேடுவதற்குள்
மெலோடிகாவோடு போய் உட்கார்ந்துவிட்டான்.
போக்குவரத்துச் செய்தியை ஊதினான்.
ஒரே சுரத்தை இழுத்தால் இத்திஹாத் ரோட்டில் நெரிசல்,
துள்ளினால் எமிரேட்ஸ் ரோடு காலி.
அதை நம்பித்தான் வண்டியைத் திருப்பினேன்.
இரண்டு தடவை தப்பான வழி.

குரல் திரும்பிய அன்று
கரகரப்பாக வணக்கம் சொன்னான்.
பின்சீட்டிலிருந்து மூக்கையா
கண்ணைத் திறக்காமலே,
"ஊதச் சொல்லு."