காறல்

கப்பலில் இறைச்சி வெட்டுகிற வேலை பிளாசிட்டுக்கு.
ஒன்பது மாதம் கழித்து வந்தவன்
பெட்டியைத் திறக்கும் முன் மண்வெட்டி கேட்டான்.

ஹவாய்த் தீவில் கப்பல் கட்டிக் கிடந்த இரண்டு நாளில்
யாரோ ஒருத்தர் வீட்டுப் பெருநாளுக்குப் போனானாம்.
குழி தோண்டி, கல்லைப் பழுக்கவைத்து,
பன்றியை இலையில் பொதிந்து
மண்ணுக்குள் வைக்கிறார்களாம்.
'நம்ம சேம்புதான் பிள்ளே. நம்ம ஈரப்பலாதான்.
அதே தேங்கா, அதே உப்புக்காத்து.
பேருதான் வாயில நிக்கமாட்டேங்கு.'

இனயம் புத்தன்துறையில்
பன்றியைப் புதைக்கிறவனை யாரும் பார்த்ததில்லை.
வறுவேல் மதிலில் ஏறிக் கேட்டான்:
'அடக்கம் எத்தன மணிக்கு?
சாமியாருக்குச் சொல்லியாச்சா?'

தோண்ட இடம் வேண்டுமே.
கிழக்கே மெற்றில்டாவின் சுவர், வடக்கே ரோடு.
தெற்கே, கடல் விட்டுவைத்த மிச்சம்:
எங்கள் அடுக்களை இருந்த இடம்.
போன ஆடிக்கு முந்தின ஆடியில்
கதவு, அலமாரி, காஸ் அடுப்பு, புதுக் குக்கர்
எல்லாம் ஒரே ராத்திரியில் எடுத்துக்கொண்டு
தரையை மணல் போட்டு மூடிவிட்டுப் போனது.

நாலாவது வெட்டில் டங்கென்றது.
அம்மிக்குழவி.
'மிக்சி வாங்கித் தந்தேன்லா' என்றான், நான் கேட்காமலே.
முந்தானையால் துடைத்தேன்.
எடை குறையவில்லை.
ஈரக்கல் தீயில் வெடிக்கும் என்று மட்டும் சொன்னேன்.
இரண்டு நாள் வெயிலில் கிடந்துவிட்டு
மற்றக் கற்களோடு அதுவும் போயிற்று நெருப்புக்குள்.

சேம்பிலை பறித்தது ஏவிஎம் கால்வாய் ஓரத்தில்.
'புளி சேர்க்காமச் சேம்பா?'
'அங்க சேர்க்கமாட்டாங்க.'
'அங்க எவ்வளவு நேரம் வேகும்?'
'காலைல வச்சா சாயங்காலம்.'
அப்போதே மணி ஐந்தரை.
பூசை பதினொன்றரைக்கு.

மேலே சாக்கு, சாக்குமேல் மண்.
நான் உள்ளே போய்
மரச்சீனி அவித்தேன், காந்தாரி மிளகாய் சதைத்தேன்,
நெத்திலிக் கறியும் வைத்தேன்.
நம்பிக்கை ஒரு பக்கம், பிள்ளைகளின் வயிறு ஒரு பக்கம்.

எட்டு மணிக்குக் கேரல் வந்தது.
டிரம்மும் நட்சத்திரமும் நாலு பெண்பிள்ளைகளும்.
பருத்தித் தாடி வைத்த கிறிஸ்மஸ் தாத்தா
குழிமேல் மிதித்தவர் அங்கேயே நின்றுகொண்டார்.
'காலுக்கு இதமா இருக்கு' என்றது தாடி.
வறுவேலின் இளையவன்.
மூன்றாவது வீட்டிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தார்.

பத்து மணிக்குத் திறந்தோம்.
வாழையிலை கறுத்து, அதற்குள் சேம்பிலை ஒடுங்கி,
அதற்குள் இறைச்சி
கை வைத்ததும் எலும்பைக் கைவிட்டது.
உப்பும் புகையும் நெய்யும்.
மெற்றில்டா சுவருக்கு அப்பால் இருமல்போல ஒரு சத்தம் செய்தாள்.
தட்டில் வைத்துக் கொடுத்தேன்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு அபிலா நாக்கை நீட்டினாள்.
'அம்மா, ஊசி குத்துது.'
'அப்படித்தான் இருக்கும்' என்றான் பிளாசிட்.
அவன் கண்ணில் தண்ணீர்.

கோயிலில் மணி முழங்க எல்லாரும் எழுந்து
உன்னதங்களிலே என்று தொடங்கினார்கள்.
எங்கள் வரிசை மட்டும் காறியது.
பிள்ளைகள் இரண்டு, அவன், நான்,
பின்வரிசையில் மெற்றில்டா,
தூணுக்குப் பக்கத்தில்
எப்போது தின்றான் என்று தெரியாத வறுவேல்.

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தேன்.
புறப்படும்போதே எடுத்துவைத்த புளி.
ஆளுக்கொரு நுள்ளு.
'நன்மை வாங்கணுமே' என்று கிசுகிசுத்தாள் மெற்றில்டா.
'மருந்துக்கு ஒருசந்தி இல்ல.'

கடைசியாக அவன் கை நீட்டினான்,
இடக்கைக்கு அடியில் வலக்கை வைத்து,
அப்பம் வாங்குவதுபோல்.

வாயைச் சப்பிக்கொண்டே சொன்னான்:
'நாளைக்கு மீன் வச்சுப் பாப்பமா?'

குழவியை முதலில் எடுத்துத் தா என்றேன்.