உள்வாடகை

மாலை ஆறேகாலுக்கு
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் கம்பைலர் நின்றுவிட்டது.
கள்ளனுக்கு ஒரு பை கொடுத்திருந்தேன்,
பைக்குள் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் மூன்றாம் கோட்டையின் சாவி.
ஸ்ட்ரக்டுக்குள் ஸ்ட்ரக்ட் வைக்க இந்த மொழியில் இடமில்லை.
சரியென்று பெட்டியை வெளியே எடுத்து
அது இருக்கும் இடத்தை மட்டும் பைக்குள் எழுதினேன்.
ஒரு பாயிண்டர். ஏற்றுக்கொண்டது.
பாயிண்டரைக் காட்டும் பாயிண்டர் என்றதும்
மறுபடி சிவப்பு.

"எல்லாத்தையும் தட்டையாக்கு" என்றான் ப்ரஜ்வல்
வாயில் நிப்பட்டோடு.
"பெட்டி ஒரு நம்பர், சாவி ஒரு நம்பர்.
யாரும் யாருக்குள்ளயும் இல்ல."

என் சித்தியின் நாத்தனாரின் ஓர்ப்படியின் மகள்தான்
இந்த வேலைக்கு வழி சொன்னாள்.
தமிழுக்கு அதில் மூச்சு வாங்கவில்லை.
இன்னும் நாலு 'இன்' போட்டாலும் தாங்கும்.

கக்கதாசபுரா, நான்காவது மெயின், பதினோராவது கிராஸ்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே
இரண்டாம் மாடியில் சின்ன அறை.
ஒப்பந்தம் சகாயமேரியின் பேரில்.
புரோக்கர் வழியாகவே எல்லாம், ஓனர் அவளைப் பார்த்ததில்லை.
புனேவுக்குப் போகும்போது ரெஹானாவிடம் சாவி தந்தாள்.
டப்ளினுக்குப் போகும்போது ரெஹானா என்னிடம்.
அட்வான்ஸ் எழுபதாயிரம் கைமாறிக் கைமாறி
இப்போது யாருடைய பணம் என்று
யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.
ஒன்பதாவது ஷரத்து: உள்வாடகை கூடாது.
உள்வாடகைக்குள் உள்வாடகை பற்றி ஒரு வரியும் இல்லை,
எழுதியவருக்கு அவ்வளவு ஆழம் தோன்றவில்லை.
கம்பைலர் எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஞாயிறு காலை கதவு தட்டும் சத்தம்.
நஞ்சுண்டப்பா, கையில் தண்ணீர் பில்.
சகாயமேரியின் பழைய எண்ணுக்கு அடித்தாராம்,
யாரோ ஒரு ஆள் மராத்தியில் திட்டினானாம்.
தலையில் ஈரத்துண்டோடு நின்ற என்னிடம்
"நீவு யாரு?" என்றார்.

பள்ளியில் சுட்டெழுத்து மூன்று: அ, இ, உ.
தூரத்தில் இருந்தால் அவள், பக்கத்தில் இவள்.
இரண்டுக்கும் நடுவில் நிற்பவளுக்கு
உவள் என்று ஒன்று இருந்தது.
இந்தப் பக்கம் அதைப் புழக்கத்தில் விட்டுவிட்டோம்.

"சகாயமேரி" என்றேன்.

அவர் கண் என் திருநீற்றில் ஒரு நொடி நின்றது.
பிறகு பில்லை நீட்டினார்.
முந்நூற்று நாற்பது ரூபாய், சில்லறையாகவே கொடுத்தேன்.

திங்கட்கிழமை
சாவிக்குப் பதினேழு என்று எண் போட்டேன்.
பை இல்லாமல், பெட்டி இல்லாமல்
கள்ளன் கோட்டையைத் திறந்துகொண்டு
உள்ளே போய்விட்டான்.