பொருள் விவரம்

கோட்டை வாசலில் எனக்கு ஒரு மேசை.
ஒரு கால் குட்டை, அடியில் மடித்த சிகரெட் அட்டை.
மேலே நீளப் பதிவேடு:
தேதி, பெயர், உறவு, பொருள், உள்ளே, வெளியே.

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூரை வேலூர்க்காரர்களே கேலி பேசுவோம்.
ராஜா இல்லைதான்.
நூற்றுப் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள்,
கடல் தாண்டி வந்தவர்கள்,
தண்டனை என்று ஒன்றில்லாமல்
விடுதலைத் தேதி என்று ஒன்றில்லாமல்.
கைதி என்று எழுதக்கூடாது.
முகாம்வாசி.

காலை ஆறுக்கு எண்ணுவோம், மாலை ஆறுக்கு எண்ணுவோம்.
நடுவில் வெயில்.
துவைத்த சட்டையையே மறுபடி துவைப்பார் ஒருவர்.
இன்னொருவர் பழைய தினத்தாளில்
சத்துவாச்சாரியில் வீடு வாடகைக்கு, தண்ணீர் வசதி உண்டு என்று
சத்தமாக வாசிப்பார்,
அட்வான்ஸ் அதிகம் என்பார் பக்கத்திலிருப்பவர்.

புதன்கிழமை யோகேஸ்வரி வருவாள்.
ஆம்பூர் தாண்டி ஒரு முகாமிலிருந்து, இரண்டு பஸ் மாறி.
அவளையும் அங்கே மாலை எண்ணுவார்கள்,
அதற்குள் திரும்ப வேண்டும்.
உறவு? மனைவி.
அத்தாட்சி?
"கலியாணப் பதிவு வீட்டோட எரிஞ்சிட்டுது"
கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள் முதல் தடவை.
பிறகு பிள்ளையின் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.
அந்த மூக்கு போதும். எழுதிக்கொண்டேன்.

புட்டைக் கம்பியால் குத்திப் பார்ப்பது விதி.
குழம்பைக் கிளற வேண்டும்,
முள்ளுக் கத்திரிக்காய் ஒவ்வொன்றையும் பிளக்க வேண்டும்.
குத்தினேன். கிளறினேன். பிளந்தேன்.
"ருசி ஒண்டுதானே" என்பாள்
உதிர்ந்த புட்டைத் தூக்கில் அள்ளிக்கொண்டே.

ஐப்பசி மழையில் ஒரு புதன்.
பிள்ளையின் கைக்குட்டை மூலையில் முடிச்சு.
அவிழ்த்தால் பல்.
அரிசியை விடக் கொஞ்சம் பெரிது,
அடியில் பழுப்பாய்க் காய்ந்த ரத்தம்.

"கூரையில எறியோணும்" என்றது சுகிர்தா, ஓட்டை வாயோடு.
"எங்கட கூரை தார்ச் சீட்டு.
மூண்டு தரம் எறிஞ்சன், மூண்டு தரமும் வழுக்கி வந்திட்டுது.
அப்பான்ர கூரை கல்லு.
அங்க அணில் வரும்."

சுவரில் அனுமதிப் பட்டியல்:
சோப்பு, துண்டு, பற்பொடி.
பற்பொடி இருக்கிறது, பல் இல்லை.
தடைப் பட்டியலில் தேடினேன்:
பிளேடு, கயிறு, வரைபடம், டார்ச் லைட்.
அதிலும் இல்லை.
இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருந்தார்.
எழுதினேன்: புட்டு, குழம்பு, பல் – 1.

பத்து நிமிஷம் தருவோம்.
மண்ணெண்ணெய் வந்ததா? வந்தது.
கால் வீக்கம்? பரவாயில்லை.
மழை ஒழுகுதா? ஒரு பக்கம்தான்.
குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் பேசும்போதும் இப்படித்தான்,
கேஸ் வந்துச்சா, வந்துச்சு என்று மீட்டர் ஓடிவிடும்.
கம்பி வலையின் கண்ணில் விரல் நுழையாது.
சுகிர்தா எட்டி எட்டிப் பார்த்தாள்.
பல் நுழைந்தது.

மாலை எண்ணிக்கையில் எழுபத்து நாலாவது ஆளாக
நவரத்தினராசா நின்றார், வலது கை மூடியபடி.
முகாமுக்குள் எதையும் மேலே எறியக்கூடாது,
காவல் மேடையிலிருந்து விசில் வரும்.
அன்று விசில் வரவில்லை.
நான் ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்தேன்,
முன்பே கட்டியிருந்த லேஸ்.
அவ்வளவு சின்னப் பல்லுக்கு
கல்லில் என்ன சத்தம் கேட்கும்?
கேட்கவில்லை.

திங்கட்கிழமை பதிவேடு திரும்பி வந்தது.
பல் – 1, கீழே சிவப்புக் கோடு.
ஓரத்தில்: விளக்கம் தேவை.

வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்:
ஐயா,
மேற்படி பல் பால்பல் என்றும்
தானாக விழுந்தது என்றும்
பிடுங்கப்பட்டது அல்ல என்றும்
பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.
உள்ளே வந்த நேரம் பகல் 12.40.
வெளியே