காயட்டும்

தாய்ச் செடியின் வயது எனக்குத் தெரியாது.
ஆற்காடு சாலை நர்சரியில் அறுபது ரூபாய்,
மெட்ரோ வேலையின் தூசியும் சேர்த்து.
அன்று எலுமிச்சை அளவு.
இப்போது இடுப்பைச் சுற்றி ஏழு குட்டிகள்,
ஷேர் ஆட்டோவில் திணித்த குடும்பம்போல்
ஒன்றின் முழங்கை இன்னொன்றின் விலாவில்.

மாசி ஞாயிறு. ட்யூட்டி இல்லை.
புருவம் திருத்தும் இடுக்கியால்
ஒன்றைப் பிடித்துத் திருகினேன்.
வெள்ளரிப் பிஞ்சு உடைகிற மாதிரி
சின்னதாக ஒரு சத்தம்.
அடியில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு
ஈரமான, வெளிர்பச்சைப் புண்.

கட்டுப் போடும் அறையில் பதினோரு வருஷம்.
புண்ணைக் கண்டால் கை தானாகப் பஞ்சைத் தேடும்.
இங்கே பஞ்சு கூடாது. மூடக் கூடாது.
தண்ணீர் கூடவே கூடாது.
மண்ணைக் கண்ணில் காட்டக் கூடாது.
பிரியாணிக்கு வைத்திருந்த பட்டையை இடித்துத் தூவி,
பழைய பேப்பரை விரித்து
ஏழையும் வரிசையாகப் படுக்க வைத்தேன்
ஃப்ரிட்ஜின் தலையில்,
வார்டு மாதிரி.

காயம் காயட்டும்.
எத்தனை நாள்?
அது சொல்லும்.

திங்கட்கிழமை கன்னியப்பன் வந்தார்.
ஆட்டோ ஓட்டுபவர். இடது பாதம். சர்க்கரை.
"எப்பம்மா ஆறும்?"
கையுறைக்குள் என் சுட்டுவிரல் சுருக்கென்றது.
செல்லோடேப் ஒட்டி ஒட்டி உரித்தும்
வராமல் தங்கிய ஒரு முள்,
பூனை மயிரைவிட மெல்லியது.
"இன்னும் ஈரமா இருக்குண்ணே."
அவர் காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
வண்டிக்குத் தவணை எட்டாம் தேதி.

போன வருஷம் பொறுக்காமல்
அறுத்த அன்றைக்கே நட்டவள் நான்.
அது ஐப்பசி.
துவைத்த துப்பட்டா மூன்று நாள் காயாத ஐப்பசி.
மேலே எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன.
தொட்டதும் விரல் உள்ளே போனது.
அந்த வாசனை எனக்குத் தெரியும்.
ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு
வெகுநேரம் எதிர் வீட்டு ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரம்மா சௌந்தரவல்லி மாடியேறி வந்தார்,
மோட்டாரை நிறுத்தச் சொல்ல.
"முள்ளுச்செடி வெச்சா வீட்ல சண்டை வரும்."
"நான் ஒருத்திதான் இருக்கேன்,
யாரோட வருதுன்னு பாக்கலாம்."
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அதை மறைக்க
டாங்க் கழுவும் கூலியைப் பற்றிப் பேசினார்.

எட்டாம் நாள்
புண்கள் உள்ளே குழிந்து தோலாகி,
நகத்தால் தட்டினால் டொக்கென்றன.
ஏகாம்பரத்தின் இஸ்திரி வண்டியில்
ஒரு பிடி அணைந்த கரி வாங்கினேன்.
"எதுக்கு?"
"செடிக்கு."
"ஏன், செடி சட்டை போடுதா?"
பக்கத்து மனையில் கேட்டு எம் சாண்ட் ஒரு மக்.
உடைந்த செங்கல், சுத்தியலால் பொடித்தது.
தயிர் கப்புகளின் அடியில்
சுடவைத்த ஊக்கால் மும்மூன்று ஓட்டை.
நடவில்லை.
சும்மா மேலே உட்கார வைத்தேன்,
தட்டில் இட்லி வைப்பதுபோல்.

பால்கனி கிரில்லுக்கு வெயில்
ஒன்பதே முக்காலுக்கு வரும்,
பதினொன்றுக்கு எதிர் ஃப்ளாட்டுக்குப் போய்விடும்.
அப்போது நான் யாருடைய காலையாவது
மடியில் வைத்துக்கொண்டிருப்பேன்.
ஞாயிறு தவிர
அவை வெயிலில் இருப்பதை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாவது சுருங்கி உலர்திராட்சையானது.
ஐந்தாவதைப் பூனை தள்ளிவிட்டது;
கீழே ஸ்கூட்டர் சீட்டில் கிடந்ததாம்,
வாட்ச்மேன் கையில் ஏந்திக் கொண்டுவந்தார்
ஊதிக்கொண்டே.
மறுபடி பேப்பர். மறுபடி பட்டை.

கன்னியப்பனின் புண்ணோரத்தில் இன்று
இளஞ்சிவப்பாய் ஒரு கோடு.
அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் நாளைக்கே கிக்கரை மிதிப்பார்.

வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்கக் கூடாதாம்.
இரவு பத்து. கரண்ட் போய் வந்திருந்தது.
இடுக்கியை எட்ட வைத்துவிட்டு
வெறும் விரலால்
இரண்டாவது கப்பில் இருந்ததை
லேசாக இழுத்தேன்.
குத்தியது.
இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

வரவில்லை.