நான்கரை அடிக்கு ஒரு சாண் மேலே

டிவியை ஏன் அவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறாய்,
கழுத்து வலிக்காதா என்று கேட்கிறார்கள்.
வலிக்கும்.
முடிச்சூரில், அடையாற்றுக்கு மூன்று தெரு தள்ளி,
தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு
அதெல்லாம் ஒரு வலியா.
இரண்டு கோட் பெயிண்டுக்கு அடியிலும் தெரிகிறது
அந்த வருடம் தண்ணீர் நின்றுபோன கோடு.
அதற்கு ஒரு சாண் மேலே ஆணி அடித்தோம்.

பழைய டிவி. முப்பத்திரண்டு அங்குலம்.
காட்டச் சொன்னதைக் காட்டும், சொந்தப் புத்தி கிடையாது.
எக்ஸ்போர்ட் கம்பெனி போனஸில்
மூவாயிரம் எடுத்து வைத்தேன்,
அதன் முதுகில் ஒரு புத்தி வாங்கிச் செருக.

எழும்பூரில் இறங்கி நடந்தோம்.
ரிச்சி தெருவில் ஆகஸ்ட் வெயில்
கேபிள் சுருள்களின் மேல் காய்ந்துகொண்டிருந்தது.
இம்தியாஸ் என்கிற பையன்
கண்ணாடி மேஜையில் மூன்றை எடுத்து வைத்தான்.
விரல் நீளத்தில் ஒரு குச்சி.
சோப்பு டப்பா அளவில் ஒன்று.
பெயரே இல்லாத இன்னொன்று, கொம்புபோல இரண்டு ஆன்டெனாவோடு.

குச்சிதான் எல்லாரும் வாங்குறாங்க அக்கா,
ரிமோட்ல தமிழ்ல பேசினாலே போதும், படம் ஓடும்.
இவர் அதைக் கையில் எடுத்துவிட்டார்.
மேட்ச் நிக்காம ஓடுமா என்றார்.
சுத்தாதுண்ணே, கல்லு மாதிரி.

இதில் வெப்சைட் திறக்குமா என்று கேட்டேன்.
அவன் நிமிர்ந்து பார்த்தான்.
படம் பாக்கத்தானேக்கா? எல்லா ஆப்பும் இருக்கே.
படம் அவருக்கு. எனக்குப் பக்கம் திறக்கணும், பெருசா,
மவுஸ் வச்சு நகர்த்தணும்.
என்ன பக்கம்?
சொல்லவில்லை.
முப்பத்தெட்டு டிகிரியில் நின்றுகொண்டு
ஏரி என்று சொன்னால் சிரிப்பான்.

குச்சியில் பிரவுசர் இல்லை. ஏத்தலாம், ஆனா திக்கும்.
கொம்பு வைத்ததில் இருக்கிறது, இரண்டாயிரத்து நூறு,
சூடாகும், ஆறு மாசத்துக்குப் பிறகு கடவுள் விட்ட வழி.
சோப்பு டப்பாவில் எல்லாம் திறக்கும்.
மூவாயிரத்து அறுநூறு.
மவுஸ் தனி.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
இவர் குச்சியை மெதுவாக மேஜையில் வைத்தார்.
பக்கம் திறக்கிறதையே குடுப்பா.
என் பக்கம் திரும்பாமலே சொன்னார்,
மேட்ச்ச டீக்கடையில காட்டுவான்.
ஏரியக் காட்ட மாட்டான்.

பேரம் முடிந்தபோது மூவாயிரத்து முந்நூறு.
மவுஸை இம்தியாஸ் சும்மா போட்டான்,
ஸ்க்ரோல் சக்கரம் கொஞ்சம் வழுக்கும் என்று சொல்லி.
எழும்பூர் பிரியாணி
அப்படியே மவுண்ட் ரோட்டில் காற்றோடு போயிற்று.

இப்போது நவம்பர்.
நேற்று மத்தியானம் பிடித்த மழை.
போனில் எறும்பு மாதிரி ஊர்ந்த அட்டவணை
சுவர் அகலத்துக்கு விரிந்து நிற்கிறது:
பூண்டி. சோழவரம். புழல்.
சக்கரம் வழுக்கி ஒருமுறை மேலே போய்
மறுபடி கீழே வருகிறது செம்பரம்பாக்கம்,
இருபத்தொன்றே கால்.
கொள்ளளவு இருபத்து நாலு என்பதை
எங்கள் தெருவில் குழந்தைக்கும் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து போர்ஷன் சுலோச்சனா
குடையை மடக்காமல் வாசலில் நின்று கேட்கிறாள்,
இப்ப எவ்ளோ?
ஸ்கோர் கேட்கிற அதே குரல்.
கால் ஏறியிருக்கு என்கிறேன்.
திறந்துட்டானா?
இன்னும் போடல.
அவளும் உள்ளே வந்து அண்ணாந்து பார்க்கிறாள்.
பூவிழி கார்ட்டூன் கேட்டு என் நைட்டியை இழுக்கிறாள்.
அஞ்சு நிமிஷம்டி.

ரீலோட் அழுத்துகிறேன்.
வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது.
இவர் எழுந்துபோய்
அரிசி டின்னை மட்டும் தூக்கிக்
கட்டில்மேல் வைக்கிறார்.
என்ன என்று கேட்டால்,
சும்மாதான் என்கிறார்.